நூற்றொன்று புள்ளி பூஜ்யம் பூஜ்யம்

முதலில் மேல் எண்ணை அடிக்க வேண்டும்: 101.
பிறகு கீழ் எண்: 99.
நடுவிலிருக்கும் நூறை
மீட்டர் கேட்பதே இல்லை.
அதற்குத் தெரிந்தவை இரண்டே கேள்விகள்.
மேலதைத் தாண்டியதா?
கீழதற்கும் கீழே இறங்கியதா?
இரண்டுக்கும் இல்லை என்றால் பச்சை விளக்கு.
பாஸ் என்ற சொல்லுக்கு
இதற்குமேல் பொருள் கிடையாது.

ராணிப்பேட்டை சிப்காட், இரண்டாம் ஷிஃப்ட்.
விஷாரத்திலிருந்து நான், ஆற்காட்டிலிருந்து கனகவல்லி.
ட்ரே ட்ரேயாக நூறு ஓம் மின்தடைகள்,
வயிற்றில் வண்ணக்கோடு போட்ட அரிசி மாதிரி.
முள்ளிரண்டின் வாயில் ஒன்றை வைத்துப் பெடலை மிதிப்பேன்.
ஒரு பீப் என்றால் வலது டப்பா,
இரண்டு என்றால் இடது.
ஹையா லோவா என்று டப்பா கேட்காது.
நான் கேட்பேன்.
ஒரு துண்டுத் தாளில் ஹைக்கு மேலே ஒரு கோடு,
லோவுக்குக் கீழே ஒரு கோடு,
யாரும் கேட்காத கணக்கு.

வந்த புதிதில் ஒன்று தூக்கத்தைக் கெடுத்தது.
எதுவும் வைக்காமல் பெடலை மிதித்தால்
மீட்டர் ஹை என்றது.
வெறும் காற்று!
அதைப் போய் அளவுக்கு மீறியது என்கிறதே.
கனகவல்லி சிரித்தாள்:
"அறுந்த ஒயர்ல கரண்டு எப்டி போவும் ஷமீமா?
போவவே வுடாத எடம்தான்
இருக்கறதிலேயே பெரிய தடை."
அன்றிரவு பஸ் பாலாற்றைத் தாண்டுகையில்
பாலத்துத் தூணில் வெள்ளத்துக்காக வரைந்த எண்கள்,
அடியில் மணல்.
புரிந்த மாதிரி இருந்தது.

கத்திரி வெயில். ஏசி நின்று மூன்றாம் நாள்.
அந்த லாட்டே நூறுக்குக் கொஞ்சம் மேலே பிறந்தது.
நாலு மணிக்கு எல்லாம் ஹை.
ட்ரேயை மாற்றினோம், ஹை.
மீட்டரை மாற்றினோம், ஹை.
காலை ஷிஃப்டில் 100.9 காட்டியவை
இப்போது 101.05.
சூடேறினால் தடையும் ஏறும்.
கோட்டைக் கல்லே கொதிக்கிற ஜில்லாவில்
இவை மட்டும் நின்ற இடத்தில் நிற்குமா?

சூப்பர்வைசர் எத்திராஜுலு வந்தார்.
"ஏழு மணிக்கு லாரிம்மா" என்று குனிந்து
அம்புக்குறியை ஒருமுறை அழுத்தினார்.
101, 102 ஆயிற்று.
அதே ட்ரே. பச்சை, பச்சை, பச்சை.
எந்த மின்தடையும் மயிரளவு மாறவில்லை.
கேள்விதான் மாறியது.

அவர் டீக்குப் போனதும் மறுபடி 101 ஆக்கினேன்.
துணிச்சல் என்று சொல்லமாட்டேன், கை நடுங்கியது.
டப்பாவில் ஒட்டும் சீட்டில்
'ஒரு சதவீதம்' என்று அச்சாகியிருந்தது,
அதன்கீழ் என் முத்திரை எண்.
லாரிக்காரர் வெளியே இரண்டு தூக்கம் போட்டார்.
எண் திரும்பியதை எத்திராஜுலு பார்த்தார்,
யார் என்று கேட்கவில்லை.
கேட்டால் முதலில் மாற்றியது யார் என்றும்
கேட்க வேண்டிவரும்.

எட்டரைக்குச் சுவர் ஆறியது. திரும்ப அளந்தோம்.
பாதிக்கு மேல் பச்சை.
கடைசியாக ஒன்று: 101.00.
வரம்பின் மேலேயே உட்கார்ந்திருந்தது.
தாண்டினால்தான் ஹை,
தொட்டால் இல்லை என்பது மீட்டரின் சட்டம்.
பச்சை.
மூன்றாவது தசமத்தில் என்ன இருக்கிறதோ,
அதைக் காட்ட இந்தத் திரையில் இடமில்லை.
விரலால் கொஞ்சம் பிடித்தேன். 101.03, இரண்டு பீப்.
விட்டேன். ஆறியது. பச்சை.
பிடித்தேன். இரண்டு பீப்.

"இன்னாடி பண்ற?" என்றாள் கனகவல்லி.

எந்த டப்பாவிலும் போடாமல்
அதைத் துண்டுத்தாளில் மடித்தேன்,
மேல்கோடுகளுக்கும் கீழ்கோடுகளுக்கும் நடுவே.
எழுந்திருக்கையில் கால் தவறிப் பெடலில் பட்டது.
காலி முள்ளைப் பார்த்து மீட்டர்
ஹை என்றது.